எலும்பு முறிவும் தலைவிதியும்

(மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில், செங்கற்பட்டு வட்டாரத் தோழர்களும் வந்திருந்த கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



நீரிழிவைப் பற்றிப் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டுக் கொண்டார்கள். நீரிழிவைப் பற்றி நீங்கள் கேளாதது அநேகமாய் ஒன்றுமில்லை. சோற்றைக் குறை, நட, மாத்திரையை மறவாதே என்று வைத்தியர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்லி விட்டார்கள். கண் மங்கும், காலில் புண் வரும், சிறுநீரகம் கெடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் எலும்பு கெடும் என்று உங்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? யாரும் சொல்லாத அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மாத்திரமே இன்று பேசப் போகிறோம்.

நாம் வைத்தியரல்ல. வைத்தியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் சோதித்து எழுதியிருப்பவைகளைப் படித்து, அவற்றில் நமக்கு விளங்கியதை உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அநுபவத்தோடு ஒட்டிப் பார்த்துச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

நாம் அறிந்த ஒரு அம்மாளின் கதையைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். இந்தக் கடற்கரையிலேயே மீன் கூடை சுமந்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஐம்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வியாதி வந்தது. பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும், "அம்மா உழைத்தது போதும், இனி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்று அன்பாகச் சொல்லி உட்கார வைத்து விட்டார்கள். கூழ் போய் மூன்று வேளையும் அரிசிச் சோறாயிற்று. வெயில் போய் வீட்டு நிழலாயிற்று. ஆறேழு வருஷம் கழித்து, ஒரு நாள் விடியற்காலையில் கொல்லைப்புறம் போனவர் ஈரப் படியில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். விழுந்த உயரம் ஒன்றரை அடி கூட இராது. இடுப்பெலும்பு முறிந்து விட்டது.

வீட்டார் என்ன செய்தார்கள்? ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் ஜாதகத்தை எடுத்துப் பார்த்து ஏழரைச் சனி என்றார். எண்ணெய்க் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மந்திரித்த கயிறும் இடுப்பில் ஏறிற்று. மூன்று மாதம் படுத்த படுக்கை. முதுகில் புண். சர்க்கரை உள்ள உடம்பில் அந்தப் புண் ஆறவில்லை. அம்மாள் போய்விட்டார். "எழுதின எழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிக் காரியத்தை முடித்தார்கள்.

தோழர்களே! அந்த எழுத்தைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம். 2007-ஆம் ஆண்டில் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி, பெரியவர்களுக்குச் சாதாரணமாக வருகிற இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது மற்றவர்களைவிட 1.7 மடங்கு அதிகம். சிறு வயதிலேயே இன்சுலின் அற்றுப் போகும் முதல் வகைக்காரர்களுக்கு 6 மடங்குக்கு மேல் அதிகம். விதி என்பது ஆளுக்கு ஆள் தனித்தனியே எழுதப்படுவதானால், நீரிழிவுக்காரர்களை மட்டும் தேடிப் பிடித்துக் கூட்டமாக இடுப்பெலும்பு முறியும்படி எழுதினவன் யார்? இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு 2023-ல் தெரிவித்தது. அத்தனை பேருக்கும் சனி ஒரே வீட்டிலா உட்கார்ந்திருக்கிறது? கூட்டமாக வரும் கேட்டுக்குப் பொதுவான காரணம் ஒன்று இருந்தே தீரும். காரணம் இருக்குமானால் அதைத் தடுக்க வழியும் தேடலாம்.

முதற் காரணம் எலும்பின் தரம். எலும்பு என்பது வெறும் சுண்ணாம்புக் கட்டியல்ல. கொலாஜன் என்ற புரதநாரைப் பாவாக வைத்து, அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து ஏற்பட்டது. சுண்ணாம்பு கடினத்தைக் கொடுக்கிறது, நார் வளைந்து கொடுக்கும் குணத்தைக் கொடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காய் மிகுந்திருந்தால் அது அந்த நாரில் ஒட்டிக் கொண்டு முறுக்கேற்றி விடுகிறது. கட்டில் கயிற்றை வெல்லப்பாகில் ஊறவைத்து உலர்த்தினால் எப்படி இருக்கும்? பார்வைக்குத் தடிப்பாய் இருக்கும். உட்கார்ந்தால் படீரென்று அறும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்க 'டெக்சா' என்ற படம் எடுக்கிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சிலருக்கு அதிகமாகக்கூட இருக்கும். "எலும்பு நன்றாயிருக்கிறது" என்று சந்தோஷமாய் வீட்டுக்கு வருவார்கள். அடர்த்தி நன்றாயிருந்தும் எலும்பு முறிகிறது. நம் மாமல்லபுரத்துச் சிற்பியைக் கேளுங்கள். கல்லின் கனத்தை மட்டும் பார்த்தா உளி வைக்கிறான்? தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்டு, உள்ளே கீறல் இருக்கிறதா என்று தெரிந்து கொண்ட பிறகுதான் வைக்கிறான். படம் கனத்தைச் சொல்லும், உள்கீறலைச் சொல்லாது. ஆகையால் படம் எடுப்பது வீண் என்று நாம் சொல்லவில்லை. படம் நன்றாயிருக்கிறது என்பதற்காக அஜாக்கிரதையாய் இருந்து விடாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

இரண்டாவது, வைட்டமின் 'டி'. உண்ணும் சுண்ணாம்புச் சத்தைக் குடலில் இருந்து இரத்தத்துக்கு இழுத்துக் கொடுப்பது இதுதான். இது குறைந்தால் எலும்பு மெத்தென்று போகும், தொடைச் சதை வலுவிழக்கும், தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சிரமப்படுவார். சூரிய ஒளியிலுள்ள ஒரு புற ஊதாக் கதிர் நமது தோலில் படும்போது இச்சத்து தானாகவே உண்டாகிறது. அது ஈரலில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு முறையும் பக்குவமாகிப் பிறகே வேலை செய்யும். நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தக் கடைசிப் பக்குவம் நடப்பதில்லை. உடம்பில் கொழுப்பு மிகுந்தவருக்கு அது கொழுப்பில் போய் அடைந்து கொள்ளுகிறது. ஆகவே நீரிழிவுக்காரர் இதில் இரட்டிப்பு நஷ்டக்காரர்.

இதைக் கண்டுபிடித்த விதம் கேட்கத் தக்கது. 1919-ல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் ஒளியைக் காட்டினார். எலும்பு தேறிற்று. ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டிப் பார்த்தார். காட்டாத கையும் தேறிற்று. ஒளியால் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்று இதிலிருந்து தெளிவாயிற்று. யாரும் கனவு கண்டு சொன்னதல்ல, ஒரு கையை விட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்து கொண்டது.

நம் நாட்டிலும் பாருங்கள். காஷ்மீரத்தில் வேலை பார்த்த காத்லீன் வாகன் என்ற பெண் வைத்தியர் 1928-ல் பர்தா வழக்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளிச்சம் படாமல் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்களுக்கு இடுப்பெலும்பு மெத்தென்றாகிச் சுருங்கிப் பிரசவத்தில் உயிருக்கே மோசம் வந்ததையும், படகில் வெயிலில் உழைத்த ஏழைப் பெண்களுக்கு அந்தக் கேடு இல்லாததையும் அவர் எடுத்துக் காட்டினார். பெண்ணை மானத்துக்காக அடைத்து வைத்தோம் என்றவர்கள் அவள் எலும்பையே உருக்கி விட்டார்கள்.

"அது காஷ்மீரம், இங்கே வெயிலுக்கு என்ன பஞ்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு அதிக தூரமில்லாத திருப்பதியில் நடந்த ஆராய்ச்சியொன்று 2007-ல் வெளியாயிற்று. நகரத்தாருக்கு இச்சத்துக் குறைவு அதிகம். வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு அவர்களைவிட மேல். ஆனால் அவர்களிலும் அநேகருக்குப் போதிய அளவில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, அதை உறிஞ்ச விடாமல் தடுக்கும் தானியச் சத்து மிகுந்திருப்பதும் ஒரு காரணம் என்று கண்டார்கள். வெயில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இது அத்தாட்சி.

நம் செங்கற்பட்டு ஜில்லாவையே சுற்றிப் பாருங்கள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், உஷ்ணமும் வரும். வைட்டமினை உண்டாக்கும் கதிர் மட்டும் வராது. வீட்டுப் பெண்களுக்கோ வெயில் என்றாலே பயம். கறுத்துப் போவோமாம்! கறுப்பு என்ன குற்றமா? சிவப்பாக்கும் களிம்புக்குக் கொடுக்கும் காசையும், கறுப்பைக் கேவலமாக நினைக்கும் புத்தியையும் விட்டாலொழிய நம் பெண்களின் எலும்புக்கு விமோசனமில்லை. அன்றியும் கறுத்த தோலுக்கு இச்சத்தை உண்டாக்க இன்னும் சற்று அதிக நேரம் வெயில் வேண்டும். அப்படியிருக்க நாமே வெயிலுக்கு ஓடி ஒளிவது எவ்வளவு அறியாமை!

எந்த வெயில் என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்குச் சூரியனைப் பார்த்துக் கும்பிடும் வெயிலில் அந்தக் கதிர் அநேகமாய் இல்லை. திருப்பதியில் சோதித்ததில் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் சத்து நன்றாய் உண்டாயிற்று. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாய் இருக்கும் நேரம் என்று அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கையும் காலும் வெயில் படும்படி சிறிது நேரம் இருந்தால் போதும், தோல் எரியும் வரையில் நிற்க வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் உச்சி வேளையை விட்டுச் சற்று முன்னோ பின்னோ நில்லுங்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லுகிறோம். நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு மணலிலும் பாறையிலும் நடக்கவே கூடாது. பாதம் மரத்துப் போனவருக்குச் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளமாய் இருக்கும், அது புண்ணாகும், புண் அழுகினால் காலையே எடுக்க நேரும். கொதிக்கும் கல்தரையில் பிரதட்சணம் செய்வதும், வேண்டுதல் என்று தீ மிதிப்பதும் இவர்களுக்குக் காலைக் காணிக்கை கொடுப்பதேயாகும்.

மூன்றாவது உணவு. பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 600 அலகு வைட்டமின் 'டி'யும் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்தது. தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமைத் தாண்டாது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 இருக்கிறது. ஏழையின் கூழ் என்று இகழ்ந்து விட்டோமே, அதில்தான் எலும்பு இருந்தது! கேழ்வரகும் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறவாதீர்கள். சோற்றோடு சேர்த்து அல்ல, சோற்றுக்குப் பதிலாக, அளவாகக் கொள்ளுங்கள். ஊறவைத்து முளைகட்டினாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் அந்தத் தடைச்சத்து குறைந்து விடும். முருங்கைக் கீரை வேலியிலேயே நிற்கிறது. முள்ளோடு தின்னக்கூடிய நெத்திலியும், எண்ணெய்ப் பசையுள்ள மத்தியும் காணாங்கெளுத்தியும் உங்கள் வலையிலேயே வருகின்றன. நல்ல மீனையெல்லாம் விற்றுவிட்டுக் குழம்புக்கு ஒன்றுமில்லாமல் உட்காரும் வழக்கத்தையாவது சிறிது மாற்றிக் கொள்ளுங்கள். கருவாட்டில் உப்பு அதிகமாதலால் இரத்தக் கொதிப்புள்ளவர்கள் அதைக் குறைப்பது நலம்.

இனி மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். தாயத்தை விட்டவர்களில் சிலர் இப்பொழுது மாத்திரையைத் தாயத்தாகக் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். வைட்டமின் 'டி' சாப்பிட்டால் சர்க்கரை வியாதியே வராது, வந்ததும் போய்விடும், எலும்பு முறியாது என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். சோதித்தவர்கள் கண்டதென்ன? அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பிலிருந்த 2,423 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 4,000 அலகும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வெளியாயிற்று. சத்துச் சாப்பிட்டவர்களில் 293 பேருக்கும் சாப்பிடாதவர்களில் 323 பேருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடியது என்று அவர்களே சொல்லி விட்டார்கள். இப்படிப்பட்ட மூன்று சோதனைகளைச் சேர்த்து 2023-ல் பார்த்தபோது சிறிது பயன் தெரிந்தது. அதுவும் விளிம்பில் நிற்பவர்களுக்குத்தானே தவிர, வியாதி வந்துவிட்டவர்களுக்கு அது மருந்தல்ல.

எலும்புக்கு? அமெரிக்காவில் 25,871 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. குறைவு இருக்கிறதா என்று பாராமல் எல்லோருக்கும் தினம் 2,000 அலகு கொடுத்ததில் எலும்பு முறிவு குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலுமான 2,256 பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் அலகோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். சத்துச் சாப்பிட்டவர்களே அதிகமாய் விழுந்தார்கள், அவர்களுக்கே அதிகமாய் எலும்பு முறிந்தது என்று 2010-ல் தெரிய வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது வெறும் பழமொழியல்ல. கடையில் விற்கும் 60,000 அலகுப் பொட்டலம் ஒன்று 100 நாளைய அளவுக்குச் சமம். வைத்தியர் எட்டு வாரத்துக்கு எழுதியதை எட்டு மாதம் விழுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்பு மிஞ்சிச் சிறுநீரகம் பழுதாகலாம்.

அப்படியானால் அது வேண்டாமா? வேண்டும். குறைவுள்ளவருக்கு வேண்டும். வெளியே வராத முதியவர், எலும்பு நோவும் சதைத் தளர்ச்சியும் உள்ளவர், முன்பே முறிந்தவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியவர்கள் வைத்தியரைக் கேட்டுச் சோதித்து, அளவோடு சாப்பிட வேண்டும். பசித்தவனுக்குச் சோறு உயிர். வயிறு நிறைந்தவனுக்கு அதையே திணித்தால் வியாதி.

நல்லதென்று நினைப்பதையும் சோதித்தே ஒப்புக் கொள்ள வேண்டும் என்பதற்கு நம் செங்கற்பட்டே உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் க்ஷயரோகத்துக்கான பி.சி.ஜி. ஊசியைச் சுமார் 2,60,000 பேரிடம் சோதிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று 1979-ல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான க்ஷயத்தைத் தடுப்பதால் அவ்வூசி இன்றும் போடப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்தறிவதே அறிவு. எந்த ஜோசியராவது தன் பரிகாரம் பலிக்கவில்லையென்று கணக்கெடுத்து வெளியிட்டதுண்டா?

கடைசியாக, எலும்பு எவ்வளவு மெலிந்தாலும் பெரும்பாலும் விழுந்தால்தான் இடுப்பு முறிகிறது. நீரிழிவுக்காரர் ஏன் விழுகிறார்? கண் மங்குகிறது. பாதம் மரத்திருக்கிறது. இன்சுலினோ சில மாத்திரைகளோ சாப்பிட்டுவிட்டு உணவு தவறினால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வருகிறது. பையோக்ளிட்டசோன் என்ற மாத்திரை பெண்களுக்கு எலும்பு முறிவை அதிகப்படுத்துவதாகவும் கண்டிருக்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொடிகளை வாங்கித் தின்னாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதுண்டு. அது சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் அரிக்கும்.

ஆகவே, கொல்லைப்புறத்தில் ஒரு விளக்கு, படியில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, வருஷத்துக்கு ஒரு முறை கண்ணையும் பாதத்தையும் காட்டுதல், தினம் நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருதல் ஆகிய இவ்வளவுதான் பரிகாரம். சனிப்பெயர்ச்சிக்குச் செலவிடுவதைவிட இதற்குச் செலவு குறைவு. அப்படியும் விழுந்து இடுப்பு முறிந்தால் கட்டுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஓரிரு நாளில் அறுவை செய்து எழுப்பி உட்கார வைப்பதே உயிரைக் காக்கும் வழி.

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்லுகிறோம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் தொண்டர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுப்பதை நாம் பாராட்டுகிறோம். வரும்போது "இந்த வருஷம் எங்காவது விழுந்தீர்களா? முன்பு எலும்பு முறிந்ததுண்டா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். கேள்விக்குக் காசு செலவில்லை.

தோழர்களே! அந்த அம்மாளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காய் ஏறிய சர்க்கரை, நின்று போன வெயில், மறந்து போன கூழ், மரத்துப் போன பாதம், ஈரப்படி, இருட்டு, பிறகு கட்டு என்று இத்தனை கண்ணிகள் சேர்ந்த சங்கிலி அது. இவற்றில் ஒரு கண்ணியை யாராவது கழற்றியிருந்தால் அவர் இன்று இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் தலையில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நாம் கவனிக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் அவரைப் போல் ஒரு தாயார் இருப்பார். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் கொல்லைப்படியில் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கு அவரை வெயிலுக்கு அழைத்து வாருங்கள், காலில் செருப்போடு.